எட்டுத் தண்ணீர் தாங்கும் தேயிலை

அன்பு மகனுக்கு உம்மாவின் ஸலாம். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகாது. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, தூங்குகிறேன். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட மறக்கவில்லை. அதற்கு மேல் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் வாப்பா மவுத்தாகி நான்கு மாதம் பத்து நாள் ஆகிவிட்டது. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்த என் இத்தா போன வியாழக்கிழமையோடு முடிந்தது. பெண்கள் வந்து குளிக்க வார்த்தார்கள், வெள்ளைச் சேலையை மாற்றினார்கள், வாசல் வரை கூட்டிப்போய் நிறுத்தினார்கள். தெருவைப் பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் குரலைக் கேட்டால் நீ அதில் எதையாவது தேடுவாய். இப்போது அதில் ஒன்றும் இல்லை, உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருக்கிறது. உன் சாச்சா தன் மகள் சபீனாவின் கல்யாணப் பத்திரிகையை உனக்கு அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ பார்த்துவிட்டதாக நீலக் கோடு காட்டுகிறதாம், பதில் மட்டும் இல்லையாம். ஆண்பிள்ளை இல்லாத வீடு அது. மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று கைகொடுத்து அழைக்க, பெண்ணுக்கு அண்ணனாக, அவள் வாய் நிறையக் கூப்பிடும் காக்காவாக, நீதான் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏன் வரமாட்டாய் என்பதும் தெரியும். அந்தக் காரணத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குக் கை ஓடவில்லை. நேற்று மதியம் நான் போட்ட தேத்தண்ணியிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்.

மையித்து வீட்டுக்கு நீ கொண்டுவந்த பெட்டியில் வாப்பாவுக்கென்று ஒரு தேயிலைக் கட்டி இருந்ததே, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, வட்டமாக. கூடவே மூடி போட்ட ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணம். இரண்டையும் வாப்பாவின் அலமாரியில் அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குவாங்சோவுக்குத் திரும்பிப் போய்விட்டாய். நேற்று லுஹர் தொழுதுவிட்டு அதை எடுத்தேன். மல்லிகா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது, வரட்டி மாதிரி இருக்கு?" என்றாள். தேயிலை என்றேன். "இதையா பிளைட்டுல வெச்சுத் தூக்கிட்டு வந்துச்சு தம்பி?" என்று சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடம் இது என்று மட்டும் தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ முதல்முறை இதே மாதிரி ஒரு கட்டி அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? அதை நாங்கள் என்ன செய்தோம் என்று முழுக் கதை உனக்குத் தெரியாது. உன் வாப்பா அதைச் சுத்தியலால் உடைத்தார். இரண்டு கைப்பிடி அள்ளிப் பாலில் போட்டு, இஞ்சி தட்டி, ஏலம் போட்டு, பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்தார். கசப்பு போகவில்லை என்று மூன்று கரண்டி சீனி போட்டார். அப்புறமும் போகவில்லை. நான் ஒரு வாய் வைத்துவிட்டு வாஷ்பேசினில் கொப்பளித்தேன். அவர் முழு டம்ளரையும் குடித்தார். மகன் அனுப்பியது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டு, "பிரமாதமா இருக்குடா தம்பி, உடம்புக்கே ஒரு தெம்பு" என்றார். உங்கள் வாப்பா வீட்டு ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். அடுத்தவர் மனசு நோகாமல் இருக்க எந்தக் கசப்பையும் முழுங்கிவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். நான் அந்த இனம் இல்லை. ஒரு மாதம் கழித்து நீ கேட்டபோது உண்மையைப் போட்டு உடைத்தது நான்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த தடவை வரும்போது நானே போட்டுத் தருகிறேன், ஒரே இலையில் எட்டுத் தண்ணீர், அவர் உட்கார்ந்து குடித்தால் போதும் என்றாய்.

அவருடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. நீ வருவதாக இருந்த மாதத்துக்கு முன்னால் அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அதில் இருக்கிறது. அதை அவர் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார். நேற்று அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே செய்தேன். "வாப்பா, இந்தத் தடவ பாலு கீலு ஊத்திக் கொன்னுராதீங்க. இது பச்சத் தேயில, ரெண்டு வருஷம்தான் ஆவுது, இன்னும் முறுக்கு அடங்கல. ஓரத்துலேருந்து கத்தி வெச்சு நெம்பி எடுக்கணும். மொதத் தண்ணிய குடிச்சிராதீங்க, கீழ ஊத்திருங்க. ரெண்டாவதுலேருந்து பத்து எண்ணிட்டு எடுங்க. ஒவ்வொரு தண்ணிக்கும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கங்க. கசக்கும். பயந்துராதீங்க. கசப்புக்குப் பின்னாடி தொண்டைல ஒரு இனிப்பு வரும். அவசரப்படாம இருந்தாத்தான் அது வரும்." அவ்வளவுதான். கடைசியில் நீ யாரிடமோ சீன மொழியில் ஏதோ சொல்கிறாய், அத்தோடு நின்றுவிடுகிறது.

நீ தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைமடை ஊர்க்காரன் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டி நம் குளத்துக்கு வந்து சேர வேண்டும், அது இன்னும் வந்தபாடில்லை. குழாயில் வருவது போர் தண்ணீர்தான். அதில் போட்டேன், கறுத்துப் போய்ச் சாக்கடை மாதிரி ஆனது. உப்புக் கரித்தது. கொட்டிவிட்டு, புது இலை எடுத்து, கேன் தண்ணீரைச் சுடவைத்தேன். அந்தக் கேன் வாராவாரம் உன் சாச்சா கடைப் பையனிடம் கொடுத்தனுப்புவது. நான்கு மாதத்தில் ஒரு வாரம் தவறவில்லை.

முதல் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். அடுத்ததைப் பத்து எண்ணி எடுத்தேன். கிண்ணத்தின் விளிம்பு விரலைச் சுட்டது, அதைப் பிடிக்கிற வகையை நீ சொல்லித் தரவில்லை. கூறைச் சேலைச் சரிகை மாதிரி வெளிறிய மஞ்சள் நிறம். குடித்தேன். சுடுதண்ணீர். வேறொன்றும் இல்லை. மல்லிகாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன், "அய்யய்யே, வேப்பங்கொழுந்து" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது கசக்கத்தான் செய்கிறது, என் நாக்குக்குத்தான் தெரியவில்லை. நான்கு மாதமாகவே இப்படித்தான். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று மல்லிகாதான் பார்த்துச் சொல்கிறாள். டாக்டரிடம் போகலாம் என்று உன் மாமி சொன்னாள். நாக்குக்கு என்ன வைத்தியம் என்று நான் போகவில்லை.

அடுத்த தண்ணீருக்குப் போகும் முன் அந்த நாளை எழுதிவிடுகிறேன். காலை ஒன்பதரைக்கு வாப்பா குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், துண்டைக் கேட்டார், நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. உனக்குச் சொன்னது சாச்சா. நீ என்னிடம் பேச வேண்டும் என்றாய், பெண்கள் இருந்த அறையின் திரைக்கு உள்ளே போனைக் கொடுத்தார்கள். நீ "உம்மா, உம்மா" என்று கத்தினாய். நான் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி குடி. பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்க. ஸ்வெட்டர கழட்டிட்டு வா, இங்க வெயிலு." அவ்வளவுதான் சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ சாச்சாவிடம் பேசினாய். நாளைக்குக் காலையில் திருச்சியில் இறங்கிவிடுவேன், பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பேன், ஒரே ஒரு ராத்திரி மட்டும் வாப்பாவை வைத்திருங்கள் என்று கெஞ்சினாய்.

நான்காவது கிண்ணத்தில் நாக்கு இழுத்தது. துவர்ப்பு. பச்சைப் பாக்கை மென்றால் வாய்க்குள் ஒரு தோல் உரிவது போல இருக்குமே, அப்படி. ருசி என்று சொல்ல முடியாது, ஆனாலும் நாக்கு இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மூடியை எடுத்து வைத்து மூடினேன்.

உன் வாப்பா இருபத்து இரண்டு வருஷம் சவூதியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார். கணக்குப் பார்த்தால் நான் அவரோடு வாழ்ந்ததைவிட அவரை வழியனுப்பியதுதான் அதிகம். முதல் தடவை அழுதேன். அவர் ஜித்தாவில் இறங்கி மூன்று நாள் சாப்பிடவில்லை என்று கூட இருந்தவர் எழுதினார். அதற்கப்புறம் நான் அழவில்லை. பெட்டி கட்டுவேன், கயிறு போடுவேன், ஊறுகாய் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் சுற்றுவேன், டாக்சி வந்ததும் "நேரமாச்சு, கெளம்புங்க" என்பேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். உனக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒருநாள், டாக்சிக்குப் பக்கத்தில் நின்று அவருடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். அவர் நின்றுவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் அவரும் உடைந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. நான் வந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். ஐந்து விரலையும். நீ ஓங்கி அழுதாய், நான் கதவைச் சாத்தி வண்டியைத் தட்டி அனுப்பிவிட்டேன். நான் செய்த தப்புகளில் அதுதான் பெரியது என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தத் திரைக்கு வருகிறேன். நீ போனில் கெஞ்சிய பிறகு சாச்சா நான் இருந்த அறைக்கு வெளியே வந்து நின்றார். அவர் நிழல் மட்டும் தெரிந்தது. "மதினி, தம்பி நாளைக்கு வந்துருவான். பள்ளிவாசல்ல பேசிக்கிறேன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன், அரை மணி நேரத்துல வந்துரும். வெச்சிருந்து காலைல எடுக்கலாம். நீங்க சரின்னா போதும்" என்றார். அறையில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் ஒரு சொட்டு அழவில்லை. எனக்கு உள்ளே ஒன்றும் இல்லை, மகனே. கை கால் மரத்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி நெஞ்சு இருந்தது. இந்த முகத்தோடு, இத்தனை பேர் நடுவில், அவருக்குப் பக்கத்தில் விடியும்வரை உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது. "வேணாம். மையித்த காக்க வைக்கக் கூடாது. இன்னைக்கே அசர் தொழுகையோட எடுத்துருங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். அவர் இன்னொரு தடவை கேட்டார். "மதினி, தம்பி கேக்குறான்." நான், "நேரமாச்சு, எடுங்க" என்றேன். டாக்சி வந்ததும் சொல்வேனே, அதே மாதிரி வாயில் வந்துவிட்டது. மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது, அது உனக்கும் தெரியும். ஆனால் நான் அன்று மார்க்கத்தை நினைக்கவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தேன். அதற்கு மார்க்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தாய். பெட்டியைக்கூட இறக்காமல் வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போய்விட்டு, செருப்பில் மண்ணோடு கூடத்தில் வந்து நின்றாய். சாச்சா உன்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். நீ கையைத் தட்டிவிட்டு, "ஒரு ராத்திரி உங்களால பொறுக்க முடியலையா சாச்சா? ஒரே ஒரு ராத்திரிதானே கேட்டேன்?" என்றாய். நான் திரைக்கு இந்தப் பக்கம், நீ நின்ற இடத்திலிருந்து ஆறடி தூரம்கூட இருக்காது. அவர் என் பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். அவர், "நாந்தாம்ப்பா சொன்னேன். மார்க்கம் அதுதானே" என்றார். நீ கேட்ட அந்தக் கேள்விதான் அவரிடம் நீ பேசிய கடைசி வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னோடு இருந்த ஐந்து நாளும் திறக்கவில்லை. நீ உள்ளே வந்து என் மடியில் தலை வைத்து, "சாச்சாவ மன்னிக்கவே மாட்டேன் உம்மா" என்றபோதும் உன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். இதுதான் நான் சொல்ல வந்தது. சொல்லிவிட்டேன்.

நேற்று ஆறாவது தண்ணீர் ஊற்றியபோது அசர் தொழுதுவிட்டு சாச்சா வந்தார். முழங்கால் வலி அவருக்கு அதிகமாகிவிட்டது, வெளிக்கூடத்து நாற்காலியில் மெதுவாகப் பிடித்து உட்கார்ந்தார். இத்தா முடிந்தாலும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினேன். மல்லிகாவிடம் ஒரு கிளாஸ் கொடுத்தனுப்பினேன். தம்பி வாப்பாவுக்குக் கொண்டுவந்த தேயிலை என்றும் சொல்லச் சொன்னேன். அவர் குடிப்பது கதவிடுக்கில் தெரிந்தது. முதல் வாயில் புருவம் நெற்றிக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு முழுசும் குடித்தார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. "நல்லாருக்கு மதினி. உடம்புக்கு நல்லதோ என்னமோ" என்றார்.

"தம்பிக்கு எழுதப் போறேன். அன்னைக்கு எடுக்கச் சொன்னது நான்தான்னு சொல்லப் போறேன்" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "வேணாம் மதினி. விட்டுருங்க. வாப்பா போன கோவத்த அவன் யாருமேலயாச்சும் காட்டணும். எம்மேல காட்டிட்டுப் போறான், நான் தாங்கிக்குவேன். உங்கமேல காட்டுனா அப்புறம் அவன் எங்க போவான்? இந்த வீட்டுக்கு வந்துதானே ஆவணும்?"

"சபீனா கல்யாணத்துக்கு வர மாட்டான்."

"தெரியும்" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அவ அழுவுறா. காக்கா ஏன் பேச மாட்டேங்குதுன்னு எங்கிட்ட கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? வேலையா இருப்பான்னேன்" என்றார். எழுந்திருக்கக் கஷ்டப்பட்டார். மல்லிகா கை கொடுத்தாள். போகும்போது, வெள்ளிக்கிழமை வாப்பாவின் கபருக்குப் போனதாகவும், தலைமாட்டில் வைத்த செடி பிடித்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு வெள்ளியும் உன் பெயரைச் சொல்லியும் ஸலாம் சொல்கிறாராம், நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதற்காக.

அவர் போன பிறகு ஏழாவதும் எட்டாவதும் குடித்தேன். நிறம் வெளுத்துக்கொண்டே போனது, இலை மட்டும் கிண்ணம் நிறைய விரிந்து பச்சையாகக் கிடந்தது. நீ சொன்ன இனிப்பு வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன். ஆனால் எட்டாவதைக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, வாயைக் கொப்பளிக்கலாம் என்று கேன் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தேன். தொண்டையில் கசந்தது. நன்றாகவே கசந்தது. அத்தனை கிண்ணத்திலும் தெரியாத கசப்பு, வெறும் தண்ணீரில் தெரிந்தது. வாப்பா அந்தப் பால் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது ஞாபகம் வந்தது. நான் அடுப்பங்கரையில் அப்படியே நின்றேன். "என்னம்மா?" என்றாள் மல்லிகா. கசக்கிறது என்றேன். "நான்தான் அப்பவே சொன்னனே" என்றாள். அழுகை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் பெற்றவள், ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று ஆகும். விமான நிலையத்தில் யாராவது உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால், அழுது முடிக்கும்வரை நில். விமானம் போனால் போகட்டும், அடுத்தது வரும். நான் உனக்கு வேறு மாதிரி பழக்கிவிட்டேன். நீ ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாய், நான் கவனித்திருக்கிறேன். அது என்னிடமிருந்து போனது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

கட்டியில் முக்கால் பங்கு இன்னும் இருக்கிறது. அதே காகிதத்தில் சுற்றி, வாப்பாவின் சட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இனி நான் அதைத் தொடமாட்டேன். உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். சாச்சா தாங்கிக்கொண்டிருப்பதை இறக்கி என்னிடம் கொடு, அது எனக்குச் சேர வேண்டியது. முதலில் அவருக்குப் போன் போடு. பேச வராவிட்டால் சும்மா கூப்பிட்டு மூச்சுவிட்டால்கூடப் போதும், அவர் புரிந்துகொள்வார். சபீனாவின் வாசலில் வந்து நில். என்னைப் பார்க்க வர வேண்டும் என்று இப்போது நான் கேட்கவில்லை. நீ ஒரு ராத்திரி கேட்டாய், நான் தரவில்லை. நீ எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும், மகனே, நேரமாச்சு என்று நான் சொல்லமாட்டேன்.

உன் உம்மா